ஐம்பதாயிரம் பேரும் ஒரு பெண்ணும்

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’வில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. பகைவரின் அணுகுண்டு வீச்சில் பன்னிரண்டு குடியேற்றக் கோள்களும் சாம்பலான பிறகு, விண்கலங்களில் ஏறித் தப்பியவர்கள் எத்தனை பேர் என்பதை அதிபர் லாரா ராஸ்லின் தன் கையாலேயே அந்தப் பலகையில் எழுதி வைப்பார். சாவு விழ விழ அழித்து எழுதுவார். ‘33’ என்ற அத்தியாயம் 50,298 என்ற எண்ணோடு தொடங்குகிறது. முடிகிற நேரத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் குறைந்திருக்கிறார்கள். அப்போது ஒரு கலத்தில் ஆண் குழந்தை பிறந்த செய்தி வருகிறது. ராஸ்லின் எழுந்து போய்க் கடைசி இலக்கத்தை அழித்து 47,973 என்று திருத்துகிறார்.

கண் கலங்க வைக்கும் காட்சி. அழிவின் நடுவே ஓர் உயிர் கூடியதை இதைவிடச் சிக்கனமாகச் சொல்ல முடியாது. அந்தக் குழந்தையைப் பெற்றவள் யார், கலத்தின் எந்த மூலையில் யார் துணையோடு பெற்றாள் என்பது மட்டும் காட்சியில் இல்லை. இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் அது உறுத்தியது. தொடர் பின்னால் சறுக்கப் போகும் இடம் அங்கேயே தெரிந்துவிடுகிறது.

2006 பிப்ரவரியில் ஒளிபரப்பான ‘தி கேப்டன்ஸ் ஹேண்ட்’ அத்தியாயத்தில் அந்த எண் சட்டமாகிறது. மத ஆசாரம் மிகுந்த ஜெமனான் கோளைச் சேர்ந்த ஒரு சிறுபெண், கருவைக் கலைத்துக்கொள்வதற்காகத் தன் ஆட்களுக்குத் தெரியாமல் போர்க்கப்பலுக்கு வந்து அடைக்கலம் கேட்கிறாள். அவளைத் திருப்பி அனுப்பச் சொல்லிப் பெற்றோரும் அந்தக் கோளின் பிரதிநிதியும் நெருக்குகிறார்கள். அரசியல் வாழ்க்கை முழுவதும் பெண்ணின் உடல் அவளுக்கே சொந்தம் என்று வாதாடி வந்தவர் ராஸ்லின். தளபதி அடாமாவோ, உலகம் அழிந்த அன்று ராஸ்லினே சொன்ன ஒன்றை நினைவூட்டுகிறார்: மனித இனம் மிஞ்ச வேண்டுமானால் நாம் குழந்தை பெற ஆரம்பிக்க வேண்டும். துணை அதிபர் பால்டர் மக்கள்தொகைக் கணக்கு போட்டுக் கொடுக்கிறார்; இதே போக்கில் போனால் இனம் அழிந்துவிடும் என்கிறது கணக்கு. அந்தச் சிறுபெண்ணை மட்டும் விட்டுவிட்டு, இனி கருக்கலைப்பு குற்றம் என்று அறிவிக்கிறார் ராஸ்லின்.

இனம் பிழைப்பது பெரிதா, கருவைச் சுமப்பவளின் விருப்பம் பெரிதா என்ற வழக்கை அறிவியல் புனைவுத் தொடர்கள் திரும்பத் திரும்பக் கையில் எடுக்கின்றன. அவை அதை எப்படிக் கையாள்கின்றன என்று எடைபோடுவது விண்வெளிக் கதைகளின் ரசிகர்களுக்கு மட்டும் உரிய வேலை என்று நான் நினைக்கவில்லை. நான் இருப்பது விருத்தாசலத்தை அடுத்த நல்லூர். இங்கே எழுபதாண்டுகளாக அரசாங்கம் பெண்களின் வயிற்றை ஒரு எண்ணாகவே பார்த்து வந்திருக்கிறது. அந்த எண் கூட வேண்டுமா, குறைய வேண்டுமா என்பது மட்டும்தான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

முதலில் இத்தகைய தொடர்களின் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். தடை போடுகிறவர் கொடியவராக இல்லை என்பதே கலாக்டிகாவின் பெரிய பலம். மார்கரெட் அட்வுட்டின் 1985 நாவலிலிருந்து 2017இல் தொடரான ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ காட்டும் கிலியட் நாட்டைப் பார்த்தால் யாருக்கும் குழப்பம் வராது. கருத்தரிக்கும் திறனுள்ள பெண்களைச் சிவப்பு அங்கி உடுத்தி அதிகாரிகளின் வீடுகளில் அடைத்து வைக்கிறார்கள். அங்கே வில்லன் யார் என்பது தெளிவு. ஆனால் நம் வாழ்வில் இந்த ஆணைகளோடு வருகிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். நம் நன்மையை நினைக்கிறவர்கள், கணக்கு தெரிந்தவர்கள், சொல்லும்போது குரல் தழுதழுப்பவர்கள். ராஸ்லினின் முகம் அப்படிப்பட்ட முகம். கிலியட்டை வெறுக்கும் அதே பார்வையாளர் ராஸ்லினோடு சேர்ந்து தலையாட்டிவிடுவார். தன் சம்மதம் எவ்வளவு எளிதாகப் பறிபோனது என்று அவரை உணரவைப்பது ஒரு தொலைக்காட்சித் தொடருக்குப் பெரிய சாதனைதான்.

இன்னொரு பலம், இரண்டாம் பருவத்தை மொத்தமாகப் பார்க்கிறவர்களுக்குத்தான் கிடைக்கும். தடைச் சட்டத்துக்குச் சில வாரங்கள் முன்பு வந்த ‘எபிஃபனீஸ்’ அத்தியாயத்தில், இதே ராஸ்லின் வேறொரு பெண்ணின் கருவைக் கலைக்கும்படி ஆணையிடுகிறார். ஷாரன் என்ற அந்தப் பெண் பகை இனமான சைலான். அவள் வயிற்றில் இருப்பது மனிதனுக்கும் சைலானுக்கும் பிறக்கப் போகும் குழந்தை. அவள் அதை வேண்டும் என்கிறாள், தகப்பன் கெஞ்சுகிறான், ஆணை நிற்கிறது. புற்றுநோயில் செத்துக்கொண்டிருக்கும் ராஸ்லினை அந்தக் கருவின் இரத்தம் பிழைக்க வைக்கும் என்று தெரிந்தபிறகுதான் கரு தப்புகிறது. தடைச் சட்டத்துக்கு அடுத்த அத்தியாயத்தில் குழந்தை பிறக்கிறது. அது இறந்துவிட்டதாகத் தாயிடம் பொய் சொல்லி, வேறொருத்தியிடம் ரகசியமாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஒருத்தியிடம் கலை என்று சொன்ன ஆட்சி, இன்னொருத்தியிடம் கலைக்காதே என்கிறது. மூன்றாவதாக, பெற்றவளின் பிள்ளையைக் கையிலிருந்தே பிடுங்குகிறது. மூன்றுக்கும் சொல்லும் காரணம் ஒன்று: இனம் பிழைக்க வேண்டும். இந்த வரிசையை எழுதியவர்கள் தெரிந்துதான் அமைத்தார்களா என்று சொல்ல முடியாது. எப்படியானாலும் இந்த விஷயத்தில் நான் பார்த்த மிக நேர்மையான சாட்சியம் அதுதான். எத்தனை பிள்ளை என்பது மேலோட்டமான சண்டை. முடிவு யார் கையில் என்பதே உள்ளே இருக்கும் சண்டை.

குறைகளும் இதே தொடரிலிருந்துதான் தெரிகின்றன. 2005இல் வந்த ‘தி ஃபார்ம்’ அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். போர்விமானி ஸ்டார்பக் காயம்பட்டு ஒரு மருத்துவமனையில் கண் விழிக்கிறாள். கனிவாகப் பேசும் மருத்துவர், இன்றைய நிலையில் பிள்ளை பெறும் வயதுப் பெண்கள்தான் மிக மதிப்புள்ள சொத்து என்று புரியவைக்கப் பார்க்கிறார். தான் யாருடைய சரக்கும் இல்லை, விமானி என்கிறாள் அவள். மருத்துவர் சைலான் என்பதும், தன் வயிற்றில் கத்தி வைத்திருக்கிறார்கள் என்பதும், பக்கத்து அறையில் பெண்களைக் கட்டிலோடு கட்டி இயந்திரக் குழாய்களில் பிணைத்துப் பிள்ளை பெறவைக்க முயல்கிறார்கள் என்பதும் பிறகு தெரிகிறது. ஒளியும் இசையும் நம்மை நடுங்கவைக்கின்றன.

அந்த மருத்துவர் சொன்ன நியாயமும் ஆறு மாதம் கழித்து ராஸ்லின் சொல்லும் நியாயமும் ஒன்றே. பகைவன் சொல்லும்போது அது பயங்கரம். நம் தலைவர் சொல்லும்போது துயரமான கடமை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க ஒரு பாத்திரம்கூட இல்லை. அந்தப் பண்ணையிலிருந்து தப்பி வந்த ஸ்டார்பக் கப்பலில்தான் இருக்கிறாள். தடைச் சட்டம் பற்றி அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச எழுத்தாளர்கள் விடவில்லை. எனக்கு இது மன்னிக்க முடியாத மௌனம்.

அடைக்கலம் கேட்டு வந்த பெண்ணுக்கு நேர்ந்ததும் இதுதான். கதை அவளால் தொடங்குகிறது, அவளுக்கு வசனமோ ஒரு கைப்பிடி. அதன்பின் அதிபரின் மனப் போராட்டம், தளபதியின் அறிவுரை, பால்டரின் தேர்தல் தந்திரம். தடையை எதிர்த்துப் பேசி அதிபர் தேர்தலில் குதிக்கும் பால்டருக்கும் அந்தப் பெண்ணைப் பற்றி அக்கறை கிடையாது. அடுத்தடுத்த அத்தியாயங்களில் அந்தச் சட்டத்தால் எந்தப் பெண் என்ன பட்டாள் என்று தொடர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஆள்பவரின் சங்கடம்தான் நாடகம், ஆளப்படுகிறவளின் உடல் அந்த நாடகம் நடக்கும் மேடை என்று ஆகிவிடுகிறது. 1989இல் வந்த ‘ஸ்டார் டிரெக்’கின் ‘அப் தி லாங் லேடர்’ அத்தியாயம் இதைவிட மோசம். தன் உயிரணுவைத் திருடிப் படியெடுத்தார்கள் என்று தெரிந்ததும் ரைக்கர் என்ற கப்பல் அதிகாரி அந்தப் படிகளை அழித்துவிடுகிறான், அவன் உடல் அவன் உரிமை என்று கதை ஒப்புக்கொள்கிறது. அதே கதை, ஒரு குடியேற்றம் அழியாமல் இருக்க அங்குள்ள ஒவ்வொரு பெண்ணும் குறைந்தது மூன்று ஆண்களிடம் பிள்ளை பெற வேண்டும் என்ற ஏற்பாட்டைச் சிரிப்போடு முடித்துவைக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய குறை, கணக்கை அப்படியே நம்பிவிடுவது. பிறப்பைக் கட்டாயமாக்கினால் இனம் பிழைக்கும் என்று இந்தத் தொடர்கள் எடுத்துக்கொள்கின்றன. கலாக்டிகாவின் கப்பல்களில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு, மருந்துக்குத் தட்டுப்பாடு, திரையில் நாம் காணும் மருத்துவர் அநேகமாக ஒரே ஒருவர். அங்கே பிறக்கும் குழந்தைக்கும் பெறும் தாய்க்கும் என்ன ஏற்பாடு? யாரும் கேட்பதில்லை. அச்சுறுத்தலைக் காட்டும் கற்பனை, பராமரிப்பு என்று வரும்போது வறண்டுபோகிறது.

நம் மொழியிலும் இந்த வகைக் கதைக்கு முன்னோடி உண்டு. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு தொலைக்காட்சித் தொடராகவும் ஆனது. எதிர்கால இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறார். பெயர் இத்தனை எழுத்துதான் என்று விதி, முதியோரின் ஆயுளுக்கு வரம்பு, பிள்ளை பெற அரசின் அனுமதி. நிலா என்ற பெண்ணுக்கு அந்த அனுமதி கிடைப்பதிலிருந்து கதை புறப்படுகிறது. நெருக்கடி நிலையின் நினைவு மங்காத காலத்தில் எழுதப்பட்ட கதை என்பதை மறக்கக் கூடாது. 1976–77 என்ற ஒரே நிதியாண்டில் இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. அவற்றில் பெரும்பகுதி ஆண்களுக்கு. நாடு நிரம்பி வழிகிறது என்ற பயமே அன்றைய இந்தியாவின் பயம். மேற்கத்தியத் தொடர்களுக்கு ஆள் அற்றுப்போகும் பயம். பயம் நேரெதிராக இருந்தும் இரண்டு கதைகளிலும் சீட்டு கிழித்துக் கொடுக்கும் இடத்தில் அரசுதான் இருக்கிறது. சுஜாதா அதைத் தொட்டது துணிச்சல். ஆனால் ஜீனோ என்ற இயந்திர நாய் வந்தவுடன் கதை அதன் பின்னால் ஓடிவிடுகிறது. அனுமதி பெற்ற வயிற்றின் கதை பின்தங்கிவிடுகிறது. ஜீனோவை இன்றும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. நிலாவின் அனுமதிச் சீட்டு எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

இனி நம் ஊர்க் கதை. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஆர்.ஏ. கோபாலசுவாமி, மூன்றுக்கு மேல் பிள்ளை பெறுவதைப் பொறுப்பற்ற தாய்மை என்று அரசு அறிக்கையிலேயே வகைப்படுத்தியவர். பின்பு அவர் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளர் ஆனார். கருத்தடை அறுவைக்குச் சம்மதிக்கும் ஏழைகளுக்கு 1950களின் பிற்பகுதியிலேயே பணம் கொடுக்கத் தொடங்கிய மாநிலம் இது; 30 ரூபாய் அன்று சின்னத் தொகை இல்லை. பிறகு சிவப்பு முக்கோணம் வந்தது, நாம் இருவர் நமக்கு இருவர் வந்தது, இருவர் ஒருவராகச் சுருங்கியது.

நல்லூர் ஒன்றியத்துக் கிராமங்களில் நீண்ட காலம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற அக்கா ஒருவர் சொன்னதை அவர் பேச்சிலேயே தருகிறேன். “மார்ச் மாசம் வந்தாப் போதும்மா, தூக்கம் போயிடும். கேஸ் கொறையுதுன்னா மீட்டிங்ல நிக்க வச்சுக் கேப்பாங்க. சைக்கிள எடுத்துக்கிட்டு வெயில்ல ஊர் ஊராப் போவோம். புள்ளத்தாச்சியப் பாத்தா மொதல்ல கண்ணுக்குத் தெரியறது, இது எத்தனாவதுங்கறதுதான். அவ மூஞ்சி அப்புறந்தான்.”

இலக்கு வைத்து ஆள் பிடிக்கும் முறையை 1996இல் மத்திய அரசு கைவிட்டது. முகத்துக்கு முன்னால் எண்ணைப் பார்க்கும் பழக்கம் அத்தோடு போய்விடவில்லை. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறமாட்டார் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்கு 1.8 என்ற அளவுக்கு இறங்கியதைச் சாதனை என்று கொண்டாடினோம். பெண் கல்வியும் வேலையும் மருத்துவமனைப் பிரசவமும் சேர்ந்துதான் அதைக் கொண்டுவந்தன என்பதை மறுக்க முடியாது. அதற்கான கத்தித் தழும்பு மட்டும் ஏறக்குறைய முழுவதும் பெண்கள் வயிற்றில் இருக்கிறது.

இப்போது காற்று திசை மாறிவிட்டது. மக்கள்தொகைப்படி நாடாளுமன்றத் தொகுதிகளைப் பிரித்தால் தென்மாநிலங்களின் பலம் குறையும் என்ற கவலை 1976இலிருந்து உறைந்து கிடந்து மீண்டும் எழுந்திருக்கிறது. 41 தொகுதிகள் வைத்திருந்து 1967இல் 39 ஆன மாநிலம் இது, கவலை நியாயமானது. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அதிகம் பிள்ளை பெறுங்கள் என்றார். 2025 மார்ச்சில் முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் நாகப்பட்டினத்தில், புதுமணத் தம்பதியர் தள்ளிப்போடாமல் உடனே பிள்ளை பெற வேண்டும் என்றார். தில்லியின் அநீதியைச் சுட்டிக்காட்டவே அவர் அப்படிச் சொன்னார், யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பது உண்மை. ஆனாலும் ராஸ்லினின் வெள்ளைப் பலகை நம் மேடையில் ஏறிவிட்டது.

அதே ஆண்டு மே மாதம் வந்த ஒரு தீர்ப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தர்மபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர். முதல் மணத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தகப்பனிடம் இருக்க, மறுமணத்தில் கருவுற்றார். இரண்டு பிள்ளைக்கு மேல் விதியில் இடமில்லை என்று சொல்லி மகப்பேறு விடுப்பை மறுத்தது அரசுத் துறை. ஆசிரியை வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் பகுதி என்று சொல்லி, 2025 மே மாதம் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மார்ச்சில் பெறச் சொன்ன மாநிலம், மே வரை பெற்றவளுக்கு விடுப்பு தர மறுத்து வழக்காடியது.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அச்சு தூக்கும் ஒரு தங்கையிடம் இதைச் சொன்னேன். களிமண் கரைசல் ஊற்றிய பாரிஸ் சாந்து அச்சு, காயும்வரை கல்லாய்க் கனக்கும். “மூணாவது பெத்துக்கறது ஒன்னும் பெரிசில்லக்கா. பெத்துட்டு எத்தன மாசம் வேலைக்கு வராம உக்காரலாம், அந்தக் கூலிய யாரு குடுப்பா, அதச் சொல்லச் சொல்லுங்க” என்றாள். கலாக்டிகாவின் எழுத்தாளர்கள் கேட்கத் தவறிய கேள்வி அதுதான்.

ராஸ்லினின் சட்டத்துக்கு அச்சு அசலான முன்மாதிரி இந்தியாவிலேயே இருந்திருக்கிறது. 1979 டிசம்பரில் மத்தியப் பிரதேச அரசு, பைகா உள்ளிட்ட சில தொல்குடிகள் அழிந்துவிடக் கூடாது என்று காரணம் சொல்லி, அவர்களுக்குக் கருத்தடை அறுவை செய்வதைத் தடுத்து ஆணை போட்டது. சத்தீஸ்கர் தனி மாநிலம் ஆன பிறகும் ஆணை தொடர்ந்தது. அதிகாரியின் சான்று இல்லாமல் மருத்துவமனையில் கை வைக்க மறுத்தார்கள். அடுத்தடுத்த பேறுகளில் உடல் ஓய்ந்த பெண்கள் தங்கள் குலத்தை மறைத்துக்கொண்டு அறுவைக்குப் போனார்கள். சத்துக் குறைவுக்கும் மலேரியாவுக்கும் குழந்தைச் சாவுக்கும் வைத்தியம் பார்ப்பதற்குப் பதிலாகப் பிறப்பைப் பூட்டி வைத்தது அரசு. அதே சத்தீஸ்கரில், 2014 நவம்பரில் பிலாஸ்பூர் பக்கத்தில் நடந்த ஒரு கருத்தடை முகாமில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். அந்த முகாமிலும் ஒட்டி நடந்த முகாம்களிலும் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். இறந்தவர்களில் பைகா பெண்ணும் உண்டு. பெறக் கூடாது என்ற முகாமும் பெறாமல் இருக்கக் கூடாது என்ற ஆணையும் ஒரே மாநிலத்தில் ஒரே நேரத்தில் இருந்தன. ஷாரனையும் ஜெமனான் பெண்ணையும் ஒன்றாகக் கண்ட எனக்கு இது கதையாகத் தோன்றவில்லை.

இனம் அழியும் என்ற பயம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. நீலகிரியின் தோடர்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உண்மையாகவே தேய்ந்தார்கள். சில நூறு பேர் என்ற நிலை வந்தது. பாலியல் நோய்கள் கருவளத்தைத் தின்றுகொண்டிருந்தன. அவர்களைக் காப்பாற்றியது எந்தத் தடைச் சட்டமும் இல்லை. தோடர் குலத்திலேயே பிறந்து செவிலியர் பயிற்சி பெற்ற ஈவம் பில்ஜெயின் போன்றவர்கள் மந்து என்னும் தோடர் குடியிருப்புகள்தோறும் போய்ப் பார்த்த வைத்தியம்தான் காப்பாற்றியது. நோய் தீர்ந்தது, பிள்ளைகள் பிழைத்தன, எண்ணிக்கை ஏறியது. இன்று தோடர்கள் இரண்டாயிரத்தை ஒட்டி இருக்கிறார்கள். அறிவியல் புனைவு எழுதுகிறவர்கள் மலையேறிப் போய்க் கற்க வேண்டிய பாடம் இது. பார்சிகளின் எண்ணிக்கை குறைவதைக் கண்டு 2013இல் மத்திய அரசு தொடங்கிய ‘ஜியோ பார்சி’ திட்டம் கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் பணம் தந்தது. அந்த அளவில் அது யாரையும் தடுக்காத நல்ல உதவி. ஆனால் அதற்கு வந்த விளம்பரங்கள் மணமாகாத, பிள்ளை வேண்டாத இளைஞர்களைக் குற்றவாளிகள்போல் காட்டின. வெளியே மணம் செய்த பார்சிப் பெண்ணின் பிள்ளைகளைப் பார்சிகளாக ஏற்க மறுக்கும் வழக்கத்தையோ திட்டம் தொடவில்லை. எண்ணிக்கைதான் கவலை என்றால் அந்தக் கதவைத் திறந்திருக்கலாமே.

இந்தக் கேள்வி நம்மை ஒரு கசப்பான இடத்துக்குக் கொண்டுவருகிறது. பிரயாக் அக்பரின் நாவலிலிருந்து 2019இல் நெட்பிளிக்ஸ் எடுத்த ‘லைலா’ தொடரில், ஆர்யவர்த்தம் என்ற எதிர்கால நாடு கலப்பு மணத்தில் பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிடுங்குகிறது. எதிர்காலம் என்று போட்டிருந்தாலும் விருத்தாசலத்துக்காரர்களுக்கு அது கடந்த காலம். 2003 ஜூலையில், இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள புதுக்கூரைப்பேட்டையில், சாதி மாறிப் பதிவுத் திருமணம் செய்த இளம் தம்பதியை ஊரார் கண்ணெதிரே நஞ்சூட்டிக் கொன்று எரித்தார்கள். பதினெட்டு ஆண்டு கழித்து, 2021இல் கடலூர் நீதிமன்றம் தண்டித்தது. 2025இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. குலம் அழியாமல் காப்பது என்ற பேச்சு விண்வெளியில் நடந்தால் தத்துவம். மணிமுத்தாற்றங்கரையில் அது கொலை.

பெண்ணின் தேர்வு என்று சொன்னதும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் எண்ணவில்லை. 2011 கணக்கெடுப்பில் எங்கள் கடலூர் மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்டோரில் ஆயிரம் ஆண்களுக்கு 896 பெண்கள்தான். தமிழ்நாட்டிலேயே மிகக் குறைந்த எண்களில் ஒன்று. ரகசியமாக ஸ்கேன் பார்த்துப் பெண் கருவைக் கலைக்கிறவர்களில் எத்தனை பேர் தம் விருப்பத்தால் போகிறார்கள்? பின்னால் மாமியாரும் கணவனும் வரதட்சணைக் கணக்கும் நிற்கின்றன. இரண்டு போதும் என்று அரசு நெருக்கியதும், அதில் ஒன்றாவது ஆணாக இருக்க வேண்டும் என்று வீடு நெருக்கியதும் சேர்ந்து செய்த வேலை அது. சட்டமும் அவள் கையில் முடிவைக் கொடுக்கவில்லை. 1971இன் கருக்கலைப்புச் சட்டமும் 2021 திருத்தமும் எத்தனை வாரம், எத்தனை மருத்துவர் ஒப்ப வேண்டும் என்றுதான் பேசுகின்றன. இருபது வாரம்வரை ஒருவர், சில பிரிவினருக்கு இருபத்துநான்கு வாரம்வரை இருவர். மணமாகாத பெண்ணுக்கும் அந்த இருபத்துநான்கு வார வரம்பு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொன்னது பெரிய முன்னேற்றம். அங்கேயும் கையெழுத்து மருத்துவருடையதுதான்.

இந்தத் தொடர்களில் நான் தேடிக் கிடைக்காத குரல் ஒன்று தமிழில் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒலித்திருக்கிறது. கருத்தடை பற்றிச் சென்னையில் பேசிய படித்தவர்கள் எல்லாம் வறுமை, தாயின் உடல்நலம், நாட்டின் சுமை என்று காரணம் அடுக்கிய காலத்தில், பெரியார் அவர்களோடு சேர்ந்தும் பிரிந்தும் நின்றார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில், மற்றவர்கள் சொல்லும் காரணங்கள் தமக்கு முக்கியமில்லை, பெண் விடுதலை பெறுவதற்கே கருத்தடை வேண்டும் என்று வாதிடுகிறார். நாட்டுக்குப் பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்ற கணக்கையே அவர் தூக்கி ஓரம் வைத்துவிட்டார். கலாக்டிகாவின் நீதிமன்றத்தில் அப்படி ஒரு சாட்சி எழுந்து நின்றிருந்தால் ராஸ்லினின் பலகை ஆட்டம் கண்டிருக்கும். கோபாலசுவாமியின் அறிக்கையும் நாகப்பட்டினத்து மேடையும் ஒரே வரியில் நிற்கின்றன என்பதும் அவர் வழியில் பார்த்தால் புலப்படும்.

என் தீர்ப்பு இது. பயம் எப்படி நல்லவர்களை ஆட்கொள்கிறது என்று காட்டுவதில் அறிவியல் புனைவுத் தொடர்களை மிஞ்ச ஆளில்லை. அதற்காகவே அவற்றைப் பார்க்கச் சொல்கிறேன். பயந்தவர்கள் போடும் ஆணை யார் உடம்பில் இறங்குகிறது என்று காட்டுவதில் அவை தோற்றுவிட்டன. தமிழில் இன்று இணையத் தொடர்களுக்குப் பணமும் திறமையும் இருக்கின்றன. அடுத்து எதிர்காலத்தைப் பற்றி எழுத உட்காரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அதிபரின் அறையில் கேமராவை வைக்காதீர்கள். மார்ச் மாத வெயிலில் சைக்கிள் மிதித்த செவிலியரிடமிருந்து தொடங்குங்கள், குலத்தை மறைத்து மருத்துவமனை வரிசையில் நின்ற பைகா பெண்ணிடமிருந்து தொடங்குங்கள். பைகா மக்கள் யாருக்கும் காத்திருக்கவில்லை. 2017இல் தாங்களே உயர் நீதிமன்றத்துக்குப் போய், மறு ஆண்டு டிசம்பரில் அந்த 1979 ஆணையைத் தள்ளுபடி செய்ய வைத்துவிட்டார்கள்.